ஐம்பது சொற்களுக்குள்

நூற்றாண்டுப் பலகைக்கு
ஐம்பது சொற்களுக்குள் எழுதித் தரச் சொன்னார்கள்.
கலூனா கவுன்சிலில்
கல்லறைத் தோட்டத்து வாசலுக்கு வருஷா வருஷம்
சாயம் அடிக்கிறவன் நான்.
அவனுக்குத்தான் தெரியும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

சாயம் அடிக்கிறவனுக்குத் துருதான் தெரியும்.
கோப்பறைக்குப் போய்
பழைய கூட்டக் குறிப்பேடுகளைத் திறந்தேன்.

1920, ஜூலை. பதினொரு பேர் வந்திருந்தார்கள்.
போரில் போனவர்களுக்கு என்ன கட்டுவது?
ஒருவருக்கு நீச்சல் குளம்.
ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் நாலு கட்டில்.
பாதிரியாருக்கு மணி.
வெண்ணெய் ஆலை க்ளீவர்லி "வாசல்" என்றாராம்.
ஏனென்று எழுதப்படவில்லை.
ஆறு கை தூக்கின. ஐந்து தூக்கவில்லை.

கருங்கல் தெற்கிலிருந்து ரயிலில் வந்தது.
பணம் போதவில்லை.
பெண்கள் ஆப்ரிகாட் ஜாம் காய்ச்சி விற்றார்கள்,
இருநூற்றுப் பத்து போத்தல்.
அப்படியும் போதாமல்
வாசலின் அகலத்தில் இரண்டடி குறைத்தார்கள்.
இந்த இரண்டடியை நினைவில் வையுங்கள்.

எழுத்துக்கு நாலு பென்ஸ் கேட்டான் கல்தச்சன் டன்க்லி.
முதற்பெயர்களெல்லாம் ஓரெழுத்தாய்ச் சுருங்கியது
அதனால்தான்.

இருபத்தெட்டுப் பெயர்கள்.
நடுகல் நட்ட கூட்டத்தில் பிறந்தவன் நான்;
பெயர் இருந்தால் பக்கத்தில் ஆளும் இருப்பான்
என்று நினைத்துவிட்டேன்.
ஒருவர்கூட இல்லை உள்ளே.
பிரான்சின் சேற்றில் பலர், பாலஸ்தீன மணலில் ஒருவன்,
நாலு பேர் எங்கே என்று
அவர்களைச் சுட்டவனுக்கும் தெரியாது.

உள்ளே இருந்த ஒரே சிப்பாய்
ஹானா ட்ரெவாஸ்கிஸின் மகன் ஆல்பி.
கப்பலேறுமுன், பயிற்சி முகாமில்,
மூளைக்காய்ச்சல். ஒன்பது நாள்.
விதி: கடல் கடந்து மாண்டவர் மட்டும்.
அவள் எழுதிய கடிதம் குறிப்பேட்டில் ஒட்டியிருக்கிறது,
இரண்டு பக்கம், இருபுறமும்.
பதில் ஒரு வரி. வருத்தத்துடன்.

1922இல் திறப்பு விழா.
அடுத்த ஞாயிறு வடக்கு வேலியில் கம்பி அறுந்திருந்தது.
கட்டினார்கள்.
அறுந்தது.
கம்பி, மூன்று ஷில்லிங். கம்பி, மூன்று ஷில்லிங் ஆறு பென்ஸ்.
1926: முள்கம்பி.
1927: தோட்டக் காவலாளி சாட்சி சொல்கிறான்,
கையில் பூவும் கோட்டுப் பையில் குறடுமாய்
அந்த அம்மாள் வருவதாக,
வளைவின் கீழ் ஒருநாளும் நடப்பதில்லையென்று.
1931: "வேலி பற்றிப் பேச்சு எடுக்கப்பட்டது.
விடப்பட்டது."

1938இல் ஹானா இறந்தாள்.
குதிரை வண்டிக் காலம் போய்விட்டது.
ஹெர்பர்ட் குயிலின் புது மோட்டார் பிணவண்டி
தூண்களுக்கு நடுவே நுழையவில்லை.
இரண்டடி.
குயில் வண்டியைப் பின்னால் எடுத்தார்.
வேலியைச் சுற்றி வடக்கே போய்
பதினாறு வருஷம் அவள் மிதித்த தடத்தின் மேல்
அவளைக் கொண்டுபோனார்.

அதன்பின் எல்லோரும் அந்த வழிதான்.
க்ளீவர்லி, பாதிரியார்,
தூக்கிய ஆறு கை, தூக்காத ஐந்து.
தார் போட்டிருக்கிறோம் இப்போது.
வரைபடத்தில் அதன் பெயர் சேவைப் பாதை.

கல்வாசல் திறப்பது வருஷத்தில் ஒருமுறை,
ஏப்ரல் விடியலில்.
பூட்டுக்கு நான்தான் எண்ணெய் விடுகிறேன்.
ஊதுகொம்பை மதிக்காமல்
இளஞ்சிவப்புக் கிளிகள் கத்தும்.
இருபத்தெட்டையும் வாசிப்பார்கள்.
நான் உதட்டுக்குள் ஒன்று சேர்த்துக்கொள்வேன்.
சில வருஷம் இரண்டு.
இரண்டாவது, வன்னியில் கல்லில் இருந்த பெயர்.
புல்டோசர் வந்து போனபின்
அறுப்பதற்கு அங்கே வேலியும் இல்லை.

எழுதிக் கொடுத்தேன்: ஆண்டு, கல், ஜாம், இருபத்தெட்டு.
எண்ணிப் பார்த்தால் நாற்பத்தொன்பது.
மிச்சமிருந்த ஒரு சொல்லுக்கு
ஆல்பி என்று போட்டேன்.

அச்சுக்குப் போகுமுன் பொறியாளர் அழைத்தார்.
"கடைசிச் சொல் புரியவில்லை. யார் இது?"
வடக்குப் பக்கமாய் வாருங்கள், காட்டுகிறேன் என்றேன்.
முன்னால் வராதீர்கள்,
பூட்டியிருக்கும்.