இருபத்திரண்டரையில் ஒன்று

பகாவ் பொதுமண்டபத்தில்
பள்ளியிடம் இரவல் வாங்கிய
நான்கு பிங்பாங் மேசைகளை ஒட்டிப் போட்டு
அதன்மேல் ஒரு செம்பனைத் தோட்டம்.

மீட்டர் பாதை நாற்பத்தைந்து மில்லிமீட்டர் ஆனது.
கணக்கு இவ்வளவு நேராக வந்ததற்கே
லியோங்கும் நானும்
ஆளுக்கு இரண்டு கோப்பி குடித்தோம்.
மற்றதெல்லாம் அடம் பிடித்தது.
மரத்துக்கு மரம் ஒன்பது மீட்டர் என்றால்
இங்கே நாற்பது சென்டிமீட்டர்.
நானூறு மரம் செய்து தருவதாகக்
கத்தரிக்கோலோடு உட்கார்ந்த என் கணவர் பூபாலனிடம்
நாற்பத்தொன்று போதும் என்றேன்.
ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.
மட்டைகளுக்கு அவர் வெட்டியது
வருமானவரிக் கடித உறைகள்.
பச்சைச் சாயத்தை உற்றுப் பார்த்தால்
இரண்டாம் நிரை மூன்றாம் மரத்தில்
எங்கள் வீட்டு எண் தெரியும்.

தண்டவாளத்தடிச் சல்லிக்கு
ஆலைக் கொதிகலனின் சாம்பற்கட்டி, நான் சலித்தது.
அங்கே என் கொதிகலன் இருபத்திரண்டு பார்,
நாரும் ஓடும் தின்னும்.
சுவரில் என் இரண்டாம் தரச் சான்றிதழ், படத்தோடு.
சோதனைக்கு வரும் அதிகாரிகள்
படத்தை ஒருமுறை, என்னை இருமுறை பார்ப்பார்கள்.
இதுவோ சார்டின் டின் அளவு, மூன்று பார்.
இதற்கும் கையுறை போட்டேன்.
லியோங் சிரித்தான்,
சிரித்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றான்.

மூன்றாம் மேசையும் நான்காம் மேசையும் சேரும் இடத்தில்
சக்கரம் ஒவ்வொரு சுற்றும் தடுமாறியது.
மூன்று இரவுகள் அரத்தால் ராவினோம்.
லியோங் தண்டவாளத்தைத் திட்டினான்,
நான் லியோங்கை.

எதைச் சுருக்கினாலும்
தண்ணீர் மட்டும் சுருங்க மறுத்தது.
நிலையக் கூரையில் ஒரு சொட்டு விழுந்தால்
கீழே நிற்கும் நிலைய அதிபருக்கு அது ஆரஞ்சுப் பழம்.
சுட்டுவிரல் தடிமன் புகைபோக்கியிலிருந்து
கிளம்பும் வெண்மை முழு அளவு வெண்மை.
நேரமும் அப்படித்தான்.
அழுத்தம் ஏறப் பதினோரு நிமிடம்,
ஓட்டம் இருபத்திரண்டு நிமிடம்.
பேரம் கிடையாது.

ஒய்.பி. பத்து மணிக்கு வருவார் என்றார்கள்.
ஒன்பது ஐம்பதுக்குப் பற்றவைத்தேன்.
பத்து ஒன்றுக்கு வால்வு சீறியது.
'இதோ, சந்தையைத் தாண்டிவிட்டார்'
என்றார் ஏற்பாட்டாளர் தணிகாசலம்.
பத்தரைக்கும் அதே சந்தை.
மறுபடி தண்ணீர், மறுபடி தீ.
மறுபடி சந்தை.

பதினொன்று நாற்பதுக்கு அவர் நுழைந்தபோது
எஞ்சின் ஆறிக் கிடந்தது.
நாடா வெட்டினார்.
ஒரு விரலால் எஞ்சினைத் தள்ளி 'கூ' என்றார்.
'பேட்டரி தீர்ந்துவிட்டதா?'
நீராவி என்றேன்.
'நல்லது, நல்லது.'
படம் பிடித்தார்கள். அவர் கை நன்றாக விழுந்திருக்கிறது,
எஞ்சின் அதற்குப் பின்னால்.

கூட்டம் பிரியாணிக்குப் போனது.
வெளியே மழை தகரத்தைப் பிடித்துக்கொண்டது.
நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த மிசானுர்
ஒன்றைக் கையிலேயே வைத்துக்கொண்டு
எஞ்சினைப் பார்த்தபடி நின்றார்.
ஒரு நிரப்புக்கு காஸ் இருந்தது.
'நாளைக்கு வை' என்றான் லியோங்.
பற்றவைத்தேன்.

மிசானுர் தாடையை மேசை விளிம்பில் வைத்து
ரயில் போகும் உயரத்துக்கே வந்துவிட்டார்.
முதல் சுற்று. தடுமாற்றம்.
இரண்டாவது. தடுமாற்றம்.
மூன்றாவதற்குள் அவர் மேசைக்கடியில் நுழைந்தார்.
தரையில் கிடந்த நிகழ்ச்சி நிரலை,
அட்டையில் ஒய்.பி. சிரிப்பது,
நான்காய் மடித்து
மூன்றாம் மேசையின் பின்காலுக்குக் கீழே செருகினார்.

நான்காவது சுற்றில்
சக்கரம் அந்த இடத்தை மறந்துபோனது.
லியோங் அரத்தை எடுத்துப் பார்த்தான்,
பேசாமல் பைக்குள் போட்டான்.

ஆலைப் பழக்கத்தில் அன்றிரவு
குறிப்பேட்டில் எழுதினேன்:
அழுத்தம் மூன்று பார்.
ஓட்டம் இருபத்து நான்கு நிமிடம்.
கசிவு இல்லை.
பார்வையாளர் ஒருவர்.
காஸ் வாங்க வேண்டும்.