டோக்கன் பதினேழு

அம்பாசமுத்திரம் சார்பதிவாளர் அலுவலகம்.
மின்விசிறி சுற்றுகிறது, காற்று வேறெங்கோ போகிறது.
பன்னிரண்டு மணிக்குள் மூன்று காட்சிகள் அனுப்பவேண்டும்.
மடிக்கணினியை மூலப்பத்திரத்தின் மேல் வைத்துத் திறக்கிறேன்.

மரகதம் சாகவேண்டும்.
கதை அதைக் கேட்கவில்லை.
அந்தப் பெண் தெலுங்குக்குப் போகிறாள், இனி தேதி இல்லை
என்று நேற்று இரவு தயாரிப்பு நிர்வாகி சொன்னார்.
லாரியா மேடம், மாடிப்படியா, விஷமா?
ஓட்டலில் சூடாக என்ன இருக்கிறது என்று கேட்கிற அதே குரல்.
லாரி என்றால் ரோட்டுக்கு அனுமதி, செலவு.
மாடிப்படி செட்டிலேயே இருக்கிறது.

பன்னிரண்டு வருடம்.
முதலில் வசன உதவி, அதாவது
ஜெராக்ஸ் கடைக்கும் செட்டுக்கும் ஓடுவது.
பிறகு வசனம். பிறகு திரைக்கதை.
இப்போது எல்லாமும்:
யாருக்கு எந்தப் புடவை, எந்த வாரம் யார் அழுவது,
வியாழக்கிழமை வருகிற எண்ணைப் பார்த்து
யார் இன்னும் உயிரோடு இருப்பது.
உலகம்மாள் திரையில் நீளமாக இருக்கிறது என்று
சேனல்காரர்கள் உலகா ஆக்கினார்கள்.
நீளம் இல்லை காரணம், எனக்குத் தெரியும்.
காசோலை முழுப்பெயருக்கு வந்தது, சும்மா இருந்துவிட்டேன்.

சொத்துத் தகராறு பதினோரு முறை எழுதியிருக்கிறேன்.
இடி இடிக்கும். பத்திரம் கிழியும்.
ஒரு கையெழுத்தை நான்கு நாள் இழுத்ததுண்டு,
நடுவில் பேனாவில் மை தீரவைத்து.

மாசானம் ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்தான்.
என் தம்பி. ஆறு வருடம் ஆகிறது பேசி.

அவன் மனைவி போன ராத்திரி
போனில் என்னிடம் சொன்னது ஒரே வரி:
'சோத்த மூடித்தான் வச்சிட்டுப் போயிருக்கா.'
நானூற்றுப் பன்னிரண்டாம் எபிசோடில் அதை
வேறொருவன் வாயில் வைத்தேன்.
'சோற்றை' என்று திருத்தக்கூட இல்லை.
அந்த வியாழன் எண் ஏறியது, கேக் வெட்டினோம்.
அவன் விக்கிரமசிங்கபுரத்தில், இரவு ஷிப்டில்,
கான்டீன் டிவிக்கு முன்னால்
தட்டோடு நின்றிருக்கிறான், நாலு பேர் நடுவில்.

'பதினேழு.'

விடுதலைப் பத்திரம்.
வீட்டில் என் பாதியை,
எந்தப் பிரதிபலனும் பெறாமல், மனப்பூர்வமாக.
பத்திர எழுத்தர் எனக்குத் தொழில் பங்காளி:
மூன்று பக்கத்துக்கு ஒரே வாக்கியம்,
பக்கக் கணக்கில் கூலி.

கம்ப்யூட்டரில் இருந்த சண்முகக்கனி
தொழில் என்ற இடத்தைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.
எந்த நாடகம் என்றாள். சொன்னேன்.
'யக்கா, மரகதத்த என்ன செய்யப் போறிய?'
என் பையில், மூடிய திரைக்குள்,
மேலிருந்து இரண்டாவது படியில் நிற்கிறாள் மரகதம்.
'பாப்போம்' என்றேன்.

'கேமராவப் பாருங்க.'
ஆயிரத்துச் சொச்சம் எபிசோட், ஒரு ஃபிரேமிலும் நான் இல்லை.
மிளகளவு வெப்கேம்.
எந்த முகத்தை வைப்பதென்று தெரியவில்லை.
'கண்ண மூடிட்டிய. இன்னொருக்க.'

என் பேனா எழுதவில்லை. நிஜமாகவே மை தீர்ந்திருந்தது.
மாசானம் சட்டைப்பையிலிருந்து தன்னுடையதை எடுத்து
மேஜையில் வைத்தான், என் கையில் தரவில்லை.
ஏழு இடத்தில் கையெழுத்து. கட்டைவிரல். முடிந்தது.
வெளியே ஒரு ஆட்டோ ரிவர்ஸ் எடுத்தது, அவ்வளவுதான் சத்தம்.

'பேனாவத் தா' என்றான்.

ஆறு வருடத்துக்குப் பிறகு இரண்டு சொல்.
பைக் போய்விட்டது.
நல்ல வரி, என்றது எனக்குள் இருக்கிற தொழில்.
ஆர்ச் பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து
மூன்றாம் காட்சியில் அதை எழுதினேன்.
அழித்தேன்.
எழுதினேன்.
டீ ஆடை கட்டியது. நிர்வாகி இரண்டு தடவை கூப்பிட்டார்.

பதினொன்று ஐம்பத்தெட்டுக்கு அனுப்பிவிட்டேன்.
எந்தப் பிரதி போயிற்று என்று
இன்னும் திறந்து பார்க்கவில்லை.