காலியிடம் ஒன்று

திங்கள்கிழமைகளில் நான்
ஆட்சியர் அலுவலக மதிலோரம்.
வேம்பின் நிழல் நகர நகர
மடக்கு மேசையும் நானும் நகர்வோம்.
மனு ஒன்றுக்கு முப்பது ரூபாய்.
அழுதுகொண்டே சொன்னால் இருபது.

செட்டிச்சாவடியிலிருந்து வந்தார்கள்
செங்கோட்டுவேலும் மகன் பரமானந்தனும்.
தகப்பனுக்கு எழுபத்து மூன்று.
முப்பது வருஷம் வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை,
இப்போது கண்ணுக்குள்ளும் அதே வெள்ளை.
மகனுக்கு நாற்பத்தொன்று.
மாற்றுத்திறனாளி அட்டையில் சிரிக்கிறான்.
சிரிக்காமல் ஒரு படம் எடுக்க
மூன்று தடவை முயன்று விட்டுவிட்டார்களாம்.

"ஏற்காட்டுல, நாகலூர் போற வழியில
கவர்மெண்டு பணம் குடுத்து நடத்துற இல்லம் இருக்குதாமா.
சோறு, மாத்திரை, குளிக்க வெந்நீர்,
ராத்திரி எந்திரிச்சா கைபுடிக்க ஆளு.
எங்க ரெண்டு பேரையும் எழுதுங்க சார்."

எழுதினேன்.

முதியோர் பிரிவில் கேட்டார்கள்:
பெற்ற மகன் கூடவே நிற்கிறானே,
எப்படி ஐயா ஆதரவற்றவர்?
மாடி ஏறி
மாற்றுத்திறனாளிகள் பிரிவுக்குப் போனால்
தகப்பன் உயிரோடு இருக்கிறாரே,
இவனுக்கு என்ன அவசரம்?

அன்று மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து
தயிர்சோற்றைத் தின்றுகொண்டே சொன்னார்:
"நான் செத்தா அவனுக்கு எடம்,
அவன் செத்தா எனக்கு எடம்.
ரெண்டு பேரும் இருக்கறதுதான் சிக்கலாம்."
பரமானந்தன் ஊறுகாயை மட்டும்
தனியாக எடுத்து எனக்கு வைத்தான்.

வருமானச் சான்றுக்கு விரல் வைக்கச் சொன்னார்கள்.
கல் தேய்த்த விரல்.
கருவி நாலு தடவை முழித்தது,
ஐந்தாம் தடவை இப்படி ஒருவர் இல்லை என்றது.
மகனின் கட்டைவிரல் முதல் தடவையிலேயே விழுந்தது.
அதற்கு அவன் கைதட்டினான்,
வரிசையும் தட்டியது.

பத்தொன்பது வருஷமாக மனு எழுதுகிறேன்.
"நிராதரவாகத் தவிக்கும்" என்று தொடங்காமல்
ஒரு தாளை முடித்ததில்லை.
இவர்களுக்கு மட்டும் பேனா நின்றது.
அந்தச் சொல்லை எழுதினால்
பக்கத்தில் நிற்பவன் பொய்யாகிவிடுவான்.
சட்டைப் பித்தானை அப்பாவுக்குப் போட்டுவிடுபவன்,
டவுன் பஸ்ஸின் நிறம் பார்த்துச் சொல்பவன்,
மருந்துச் சீட்டில் காலை எது ராத்திரி எது என்று
சூரியனும் நிலாவும் வரைந்து வைத்திருப்பவன்.

ஆறாம் திங்கள் இப்படி எழுதினேன்:
ஐயா, இவர்கள் இரண்டு மனுதாரர்கள் அல்லர்.
ஒரு வீடு.
கூரை மட்டும் இல்லை.

கண்காணிப்பாளர் படித்துவிட்டு
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கவிதை எல்லாம் வேண்டாம், பொருள் என்னன்னு போடுங்க"
என்று திருப்பித் தந்தார்.
போட்டேன்.
பொருள்: இருவருக்கும் ஒரே அறை கோருதல்.

கைப்பேசி எண் கட்டத்தில் என் எண்.
அவர்களிடம் போன் கிடையாது.
அன்றிலிருந்து அவர்களுடைய செய்தி எல்லாம்
எனக்குத்தான் வருகிறது.
மனு பெறப்பட்டது.
மனு அனுப்பப்பட்டது.
மனு பரிசீலனையில் உள்ளது.
ராத்திரி கைப்பேசி அதிரும்போதெல்லாம் என் மனைவி கேட்பாள்,
"உங்க அப்பனும் மவனுமா?"

நேற்று விடியற்காலை வந்தது:
காலியிடம் ஒன்று. மூன்று நாளில் நேரில் வரவும்.

எந்த ஒன்று என்று அதில் இல்லை.

முதல் பஸ் பிடித்து செட்டிச்சாவடி போனேன்.
வாசல் கல்லில் மகனை உட்கார வைத்து
முகம் மழித்துக்கொண்டிருந்தார்.
கண் தெரியாதவர் கையில் கத்தி.
தாடையை அசைக்காமல்
அவன் அப்படியொரு நம்பிக்கையோடு
மலையைப் பார்த்திருந்தான்.
சேர்வராயன் உச்சியில் மேகம் ஏறிக்கொண்டிருந்தது.

"யாரது, மனு சாரா? சேதி வந்துச்சா?"

கத்தி கழுத்தருகே இருந்தது.
"மழிச்சு முடிங்க" என்றேன்.
மேசை கொண்டுவரவில்லை.
பையில் தாள் இருந்தது,
முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தேன்.
பொருள்: இன்னும் ஒரு கட்டில்.