பா.மு., பா.பி.

மூன்றாம் மாடியில் எங்கள் லேப்.
லிஃப்ட் ஓடாத நாளில்
ஹைகிரவுண்டு முழுக்கக் காய்ச்சல் என்று எண்கள் சொல்லும்.
படியேறி மூச்சிரைக்க வந்த கையில் ஊசி ஏற்றினால்
வெள்ளையணு கூடித்தான் தெரியும்.
"ஓடியா வந்திய?
பத்து நிமிஷம் இரிங்க, ஃபேனுக்கு அடியில."
பதினெட்டு வருஷமாகச் சொல்கிறேன்.
அந்தப் பத்து நிமிஷத்தில்
கூடியவர்கள் எங்கே கலைகிறார்கள் என்று
ஒருநாளும் கேட்டதில்லை.

ஆடியில் என் ரத்தத்தை நானே எடுத்தேன்,
ரப்பர் பட்டையைப் பல்லால் இறுக்கி.
பெயர்: அமலோற்பவம். வயது நாற்பத்தேழு.
சிஆர்பி ஒன்பது.
வெறுவயிற்றுச் சர்க்கரை நூற்றுப் பதினெட்டு.
காய்ச்சல் இல்லை, புண் இல்லை, சளிகூட இல்லை.
எதுவும் எரியாத வீட்டில் புகை.

இடுப்புக் கொழுப்பு சும்மா கிடப்பதில்லையாம்.
வராத பகைவனைக் காட்டி
இரவும் பகலும் உடம்பெங்கும்
தண்டோரா போடுமாம்.

வண்ணார்பேட்டையில் கதவைப் பூட்டும்போது
மணி நாலே முக்கால்.
பாலத்தில் நாகர்கோவில் பஸ் கடக்கையில்
காலடியில் ஒரு நடுக்கம்.
கீழே தாமிரபரணி, பாதி நீர், பாதி ஆகாயத்தாமரை.
தைப்பூச மண்டபத்தில் யாரோ இருமுகிறார்கள்.

நடுப்பாலத்தில் அட்ரினலின் விசில் ஊதும்.
ரத்தக்குழாய்ச் சுவரோரம் சாய்ந்து நின்றவர்கள்,
மண்ணீரலில் சுருண்டு படுத்தவர்கள்,
துண்டை உதறிக்கொண்டு எழுந்து வருவார்கள்.
இன்சுலின் தட்டித் தட்டியும் திறக்காத கதவை
நடக்கிற கால் உள்ளிருந்து திறக்கும்.
கெண்டைக்கால் சுருங்கும்போது
ஒரு புரதத்தை ரத்தத்தில் விடுகிறது.
கொழுப்பு கத்துவதும் அதே புரதம்தான்;
கொழுப்பு சொன்னால் வீக்கம்,
கால் சொன்னால் தணிப்பு.
படித்தபோது நம்பவில்லை.
பிறகு நினைத்துக்கொண்டேன்:
'ஏலே' என்று நம்மூரில்
அடிக்கவும் கூப்பிடுகிறோம், சாப்பிடவும் கூப்பிடுகிறோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை
விரல்நுனியைக் குத்தி மூன்று கண்ணாடித் துண்டுகள்.
பென்சிலில் எழுதினேன்:
பா.மு., பாலத்துக்கு முன்.
பா.பி., பாலத்துக்குப் பின்.
மூன்றாவது, ஒன்றரை மணி நேரம் கழித்து;
அதற்குப் பெயர் வைக்கவில்லை.
திங்களன்று சாயம் ஏற்றி எண்ணினேன்.
ஊதாக் கரு கொண்ட நிணவணுக்கள்
நூற்றுக்கு முப்பது.
நாற்பத்தொன்று.
இருபத்திரண்டு.
ஒரே விரல், ஒரே ஆள், ஒரே நாள்.
இதை எந்த டாக்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார்.
இருபத்திரண்டைப் பார்த்து நானும் பயந்தேன்.
அவர்கள் சாகவில்லை என்கிறது புத்தகம்:
குடலுக்கும் நுரையீரலுக்கும் ரோந்து போயிருக்கிறார்கள்.

இசக்கிப்பாண்டி ஒரே நாளில்
கேடிசி நகர் வரை ஓடிப்போய்
ஒரு வாரம் லீவு போட்டான். அது வேறு கதை.

மேலப்பாளையம் செய்யதலி பாத்திமாவுக்கு
ஆயிரம் பீடிக்குக் கை ஓடும், கால் ஓடாது.
தெருவில் நடக்கக் கூச்சம்.
சுபுஹு தொழுதபின் மொட்டைமாடியில் சுற்றுகிறாள்,
சுற்றுக்கு ஒரு தஸ்பீஹ் மணி.
மாதம் ஒருமுறை என்னிடம் வருவாள்:
பதினொன்று, ஏழு, எட்டு, ஆறு.
"தோள்வலி போவலக்கா.
ஆனா ராத்திரி தூங்குதேன்."
தூக்கத்துக்கு எங்களிடம் டியூப் இல்லை.

இன்று கார்த்திகை மழை, லிஃப்ட் மறுபடி நின்றது.
சட்டை நனைந்த ஒருவர் படியேறி வந்து
கையை நீட்டினார்.
இரிங்க என்றேன்.
"சும்மா இருந்தா சரியாயிருமா?"
"ரத்தம் எடுக்க மட்டும்" என்றேன்.
உள்ளறையில் இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது,
என் பெயர் ஒட்டிய குழாயோடு.