மிச்சக்காசு

ஒட்டுசுட்டானில் ஏறினேன். இருந்தது ஒரேயொரு சீற்.
சில்லுக்கு மேல், முழங்கால் வந்து நாடியை விசாரிக்கிற சீற்.
அது ஏன் எனக்காகக் காத்திருந்ததென்று
கரிப்பட்டமுறிப்பு வரமுன்னமே விளங்கிற்று.
யன்னல் கண்ணாடி அரைவாசியில் இறுகிப்போய்,
பூட்டவும் வராது, திறக்கவும் வராது.
எங்கள் கந்தோரில் இப்படி ஒருவர் இருக்கிறார்.

ஐநூறு ரூபாத் தாளை நீட்டினேன்.
"சில்லறை இல்லையோ அன்ரி?"
அன்ரி என்றதை முதலில் மனதில் குறித்துக்கொண்டேன்.
பிறகுதான்,
ரிக்கற்றின் முதுகில் நூற்றி அறுபது என்று
நீலமையால் எழுதி வட்டம் போட்டு அவன் தந்ததை.

காடு வந்தது. வற்றின குளம் ஒன்று வந்தது.
உடும்பு ஒன்று வயிற்றை இழுத்து இழுத்து
றோட்டைக் கடந்தது, ஹோர்ணை மதிக்காமல்.
எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள்.
நான் அந்த நீல வட்டத்துக்குள் இருந்தேன்.
இறங்கமுன் கேட்கவேணும்.
கேட்டால் முழு பஸ்ஸும் திரும்பும்.
கேளாவிட்டால் இரவு நித்திரை வராது.
ஒரு றாத்தல் பாண் வாங்கலாம் அந்தக் காசுக்கு.

பின்சீற்றில் ஒருவர் ட்ரக்டர்ப் பெட்டி விற்றார், போனில்,
பெட்டியே கேட்குமளவு சத்தமாக.
அந்தப் பக்கத்தான் மூன்றுதரம் விலை குறைத்தான்.
நாலாம்தரம் படிந்தது.
முன்னால் இருந்த கிழவர் "அப்பாடா" என்றார்.
எனக்கும் ஏனோ ஆறுதலாக இருந்தது.

ஒலுமடுவில் ஒருவர் மேசை விசிறியோடு ஏறினார்.
மூடி கழன்ற விசிறி. பிள்ளையைப்போல மடியில் வைத்தார்.
வவுனியாவில் திருத்தவாம்.
"ஒரு கிழமையாச் சுத்துதில்லை."
சொல்லி வாய் மூடவில்லை,
அந்த அரை யன்னலால் சோளகம் உள்ளே அடித்தது.
இறக்கை மெல்ல அசைந்து, யோசித்து,
பிறகு விறுவிறென்று சுற்றத் தொடங்கிற்று.
வயர் அவர் கையில் தொங்கியபடி.
"இஞ்ச பாருங்கோ!" என்றார், களவு பிடிபட்டவர்போல.
எனக்கு அடிவயிற்றிலிருந்து சிரிப்பு.
காதுடைந்து பிளாஸ்ரர் ஒட்டிய மூக்குக்கண்ணாடி
சிரித்த சிரிப்பில் மடியில் விழுந்தது.
நானும் அதைத் திருத்தத்தான் போகிறேன்.

மாங்குளத்தில் பத்து நிமிசம் என்றார்கள்.
ரைவர் பிளேன்ரீயை ஊதி ஊதிக் குடிக்க
அது இருபத்தைந்து ஆனது.
யன்னலுக்குக் கீழே ஒரு பெட்டை,
பால்மாப் பேணி நிறையப் பாலைப்பழம்.
மஞ்சள் மஞ்சளாய், ஈ ஒன்று இலவசமாய்.
பேணி நூறு ரூபா.
என்னிடம் இருந்தது இன்னொரு ஐநூறு மட்டும்.
பெட்டை தலையை ஆட்டினாள், சில்லறை இல்லை.
நடத்துநர்ப் பெடியன் எங்கிருந்தோ வந்து
நூறு ரூபாவை அவளிடம் கொடுத்தான்.
என் ரிக்கற்றை வாங்கி
நூற்றி அறுபதை வெட்டி, அறுபது என்று எழுதினான்.
மறுபடி ஒரு வட்டம்.

சும்மா தின்னமுடியுமா? அவனுக்கு ஒரு பிடி.
விசிறிக்காரருக்கு ஒரு பிடி.
ட்ரக்டர்ப் பெட்டிக்காரர் கேளாமலே கை நீட்டினார்.
கனகராயன்குளம் தாண்ட பேணி வெறுமை.
தேன்மாதிரி இனிக்கும் சனியன் பழம்,
கடைசியில் பால் வைத்து உதட்டை ஒட்டிவிடும்.
வீடென்றால் தேங்காயெண்ணெய் பூசலாம்.
ஓமந்தை வரைக்கும்
பஸ்ஸில் ஒருவரும் கதைக்கவில்லை.
அப்படியொரு நிம்மதி,
போனுக்கும் சேர்த்து.

வவுனியா.
ரிக்கற்றைத் தூக்கிக் காட்டினேன்.
கேட்க உதடு பிரியவில்லை.
அவனுக்கும் பிரியவில்லை.
புதுத் தாள் ஒன்றை என் கையில் திணித்து
புட்போட்டில் பாய்ந்து, பஸ்ஸில் தட்டினான், பஸ் நகர்ந்தது.
விரித்துப் பார்த்தேன். நூறு.

நாற்பது ரூபா கூட.
கூப்பிட வாய் திறந்தேன். "ம்" என்று மட்டும் வந்தது.

நாலு மணி பஸ்ஸுக்கும் இவன்தானோ தெரியாது.
முதலில் சில்லறை மாற்றவேணும்.
பிறகு கண்ணாடி.