பெயர் வேண்டாம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்:
என் மகன் பெயர் இதில் வராது.
பள்ளிக்கூடத்தின் பெயர், தெருவின் பெயர்,
என் பெயரும்கூட வராது.
அப்பன் பெயர் தெரிந்தால் பிள்ளையைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று
எஸ்.ஐ. சங்கரேஸ்வரிதான் சொன்னார்.
அயனாவரம் என்பதே கொஞ்சம் அதிகம்.
ஒரு பஸ் கண்டக்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.
போதும்.

எங்கள் வண்டியில் படிக்கு அருகே ஒரு கோடு உண்டு.
நிற்கவைத்து அளப்பேன்.
கோட்டுக்குக் கீழே என்றால் குழந்தை,
தலை தாண்டினால் முழு டிக்கெட்.
முழங்காலை மடக்கி நிற்கும் பிள்ளைகளையும்
"வளரவே மாட்டேங்கிறான் சார்" என்னும் தாய்மாரையும்
இருபத்திரண்டு வருடமாகப் பார்க்கிறேன்.
குழந்தை யாரென்று எனக்குத் தெரியாதா
என்றுதான் நினைத்திருந்தேன்.

பள்ளியிலேயே அபாகஸ் வகுப்பு.
சேர்த்த புதிதில், சோற்றில் கை வைக்கும்போதுகூட
இடது கை விரல்கள் காற்றில் மணி தள்ளும்.
என் தோல்பையைக் கவிழ்த்தால்
நான் எண்ணும் முன்னே சில்லறைக் கணக்கைச் சொல்லிவிடுவான்.
ஆடி கழிந்ததும் விரல்கள் நின்றுபோயின.
இரண்டு கையும் மூடியே கிடந்தன, தூக்கத்திலும்.
செவ்வாயும் வியாழனும் வயிற்றுவலி.
நான் ஓம வாட்டர் வாங்கி வந்தேன்.
அந்தப் பாட்டிலை இன்னும் தூக்கிப்போடவில்லை.

ஒரு ராத்திரி அம்மாவிடம் சொன்னான்.
அவள் என்னிடம் சொன்னாள்.
நான் சொன்ன முதல் வார்த்தை, "யாருக்கும் தெரிய வேணாம்."
இரண்டாவது, "ஆம்பளப் புள்ளதான, மறந்துடுவான்."
இரண்டையும் நானே சொன்னேன் என்பதை
இங்கே எழுதத்தான் வேண்டும்.

இரண்டு மணிக்குக் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு
அந்தச் சத்தத்துக்குள் நின்று போன் போட்டிருக்கிறாள்.
பத்து, ஒன்பது, எட்டு.
இறங்கு வரிசை; கணக்கு வராத எனக்கே மறக்காது.
வாளி வழிந்து அறைவரை வந்த ஈரத்தில்தான்
காலையில் கால் வைத்தேன்.

"அவரை நிறுத்திடறோம், பேசி முடிச்சுக்கலாம்,
பையன் எதிர்காலம் இருக்கே" என்றார் தலைமையாசிரியர்.
கூட வந்த பிலோமினா மேடம் குரலை உயர்த்தவில்லை.
"தெரிஞ்சும் சொல்லாம இருந்தா அதுவே குத்தம் சார்.
அதுக்கும் தண்டனை இருக்கு."
அவர் தண்ணீர் குடித்தார்.
எனக்கும் தாகமாக இருந்தது.

சங்கரேஸ்வரி சுடிதாரில் வந்தார்.
ஸ்டேஷனுக்கு வரவேண்டாம்,
தம்பிக்கு எங்கே பேசப் பிடிக்குமோ அங்கே என்றார்.
அவன் மொட்டைமாடியைக் காட்டினான்,
சின்டெக்ஸ் தொட்டி நிழலை.
"நெஜமாவே போலீஸா?"
"யூனிபார்ம் போட்டுட்டு வரக்கூடாதாம், ரூல்ஸு."
அவன் சிரிக்கவில்லை.
ஒரு கை மட்டும் திறந்தது.
அவன் சொன்ன சொல்லிலேயே எழுதினார்,
என் காது கூசிய சொல்லையும் மாற்றாமல்.
அம்மா பக்கத்தில் இருக்க, முழுக்கப் படித்துக்காட்டினார்.

படியிறங்கும்போது கேட்டேன்:
"பொம்பளப் புள்ளைங்களுக்கான சட்டம்தானே மேடம் இது?"
திரும்பிப் பார்த்தார்.
"பதினெட்டு முடியறவரைக்கும் எல்லாரும் குழந்தைதான்."
மீசை வந்தாலும், என் தோளைத் தாண்டினாலும்.
என் வண்டிக் கோடு
அன்றைக்குத்தான் எனக்குக் குட்டையாய்த் தெரிந்தது.

வழக்கு நடக்கிறது. வாய்தா, மறுபடி வாய்தா.
அந்த ஆளை இவன் பார்க்காதபடி
நடுவில் திரை போடுவார்களாம்.
"துணி என்ன கலர்ப்பா?" என்று கேட்கிறான்.
எனக்குத் தெரியவில்லை.
கேட்டுச் சொல்வதாய்ச் சொல்லியிருக்கிறேன்.

நேற்று மாலை கரண்ட் போயிருந்தது.
தெருவில் விளையாடிக்கொண்டிருந்தவனை மாடியிலிருந்து கூப்பிட்டேன்,
பெயர் சொல்லி, இரண்டு தரம், அடிவயிற்றிலிருந்து.
தெருவுக்கே கேட்டது.
"வரேம்ப்பா" என்றான்.
இங்கே மட்டும்
அந்த இடத்தைக் காலியாக விடுகிறேன்.