சாரம்

ரீகாவில் முப்பத்தொரு வருடம்
சாரம் கட்டியவன் நான்.
தேவாலயக் கோபுரம், மீன்சந்தைக் கூரை,
ஒருமுறை தானியக் கிடங்கு முழுவதும்.
கட்டுவதில் என்ன இருக்கிறது,
பிரிப்பதில்தான் ஆள் தெரியும்:
பூச்சு உதிராமல்,
ஒரு கண்ணாடி கீறாமல்.

மணிக்கட்டு வழியே குழாய் விட்டு
அடைப்பைத் திறந்த பின்
டாக்டர் விஸ்மா சொன்னார்:
"உள்ளே ஒரு சாரம் வைத்திருக்கிறேன், குந்தார்ஸ்."
எப்போது வந்து பிரிப்பீர்கள் என்றேன்.
"யாரும் வரமாட்டார்கள்.
அது தானே கரையும்."

நம்பவில்லை.
என் தொழிலில்
கம்பி கரைகிறதென்றால் துரு.
துரு என்றால் யாரோ விழப்போகிறார்கள்.

முதல் குளிர்காலம் முழுக்க
மாடிப்படியை எண்ணி எண்ணி ஏறினேன்.
தும்மவும் பயம்.
மாத்திரை டப்பாவைக் குலுக்கி
"இன்றைக்குள்ளது போட்டாயா?" என்பாள் ஐனா.
தௌகவா ஆற்றில் உறைபனி உடைந்த இரவு
சன்னலைச் சாத்தச் சொன்னேன்,
சத்தம் எனக்குள்ளிருந்து வருவதுபோல் இருந்தது.

நான்காம் வருடம் மறுபடி படம்.
சாம்பல் திரையில் நாளம்
துடிப்புக்குத் துடிப்பு வளைந்து நிமிர்ந்தது.
கம்பியைத் தேடினேன். இல்லை.
இரு முனையிலும் சின்னப் புள்ளிகள் மட்டும்.
பிளாட்டினமாம், கரையாது.
"இவை எதற்கு?"
"எங்கே இருந்தது என்று தெரிய."

நாங்கள் சுவரில் விட்டு வந்த
ஆணித்துளைகள் ஞாபகம் வந்தன.
சுண்ணாம்பு வைத்து அடைடா என்று
மேஸ்திரி கீழிருந்து கத்துவார்.

கூலி வாங்காமல்
இறங்கிப் போய்விட்ட ஆளைப் பற்றி
யாரிடம் என்ன சொல்வது?
சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன்.

எத்தனை படி என்று
வாசலில் ஐனா கேட்டபோதுதான்
எண்ணவில்லை என்று தெரிந்தது.